திரும்பிப் போன வேன்

“யாருன்னு மட்டும் சொல்லுங்க சார். மத்ததை நான் பாத்துக்கறேன்.”

வந்தவர் உட்காரவில்லை. பஸ் கண்டக்டரின் சட்டை, தோளில் தோல் பை. ஓடுகிற பஸ்ஸில் நிற்பவர் கம்பியைப் பிடிப்பது போல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ரேகை உட்கார்ந்திருந்தார். போலீஸ் கைரேகைப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய சொந்தப் பெயர் இப்போது பென்ஷன் ஆபீசுக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. ஜன்னலோரம் அவருடைய உதவியாளர் சாம்பிள். மருந்துக் கம்பெனி வேலையில் பதினோரு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, டாக்டர்களுக்கு சாம்பிள் மாத்திரை கொடுத்து அலைந்தவள். நாற்பது வயது. வேலை போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

“மத்ததைப் பாத்துக்கறதுன்னா என்னண்ணே?” என்றாள் சாம்பிள். “ஜெயிலுக்குப் போறதா? அங்கயும் உக்கார இடம் கிடையாது. நின்னுக்கிட்டேதான் போகணும்.”

கண்டக்டர் சிரிக்கவில்லை. ரேகை அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

“ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.”

“என் தங்கச்சி சார். இருபத்தாறு வயசு. தையல் வேலை பாத்தா. ரத்தத்துல புத்துநோய். வைத்தியம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. ஆனா அந்த மருந்து குடுத்தா ரத்தத்துல பிளேட்லெட் குறைஞ்சிடும். அதுதானே ரத்தம் ஒழுகாம அடைக்கறது? நமக்கெல்லாம் லட்சக்கணக்குல இருக்கும். பன்னெண்டு நாளைக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை, அவளுக்கு ஆறாயிரம். ஈறுல இருந்து ரத்தம் நிக்கவே இல்ல. உடனே ஏத்தணும்னாங்க.”

“கிடைச்சுதா?”

“இங்க ரத்த வங்கியில இல்லன்னுட்டாங்க. பக்கத்து ஊர் வங்கியில ஒரே ஒரு பை இருக்கு, வேன்ல வருது, அஞ்சு மணிக்கு வந்துடும்னாங்க. அஞ்சு மணி வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியுமா சார்? இங்கயே போய் சத்தம் போட்டேன். உள்ள பை தொங்குது, கண்ணால பாத்தேன், வேற யாருக்கோ ஒளிச்சு வெச்சிருக்கீங்கன்னு கத்தினேன். கடைசியில குடுத்தாங்க. மூணரைக்கு ஏத்தினாங்க.”

“அப்புறம்?”

“ஏறல சார். ஏத்தறதுக்கு முன்னாடி ஆறாயிரம், ஏத்தினப்புறமும் ஆறாயிரம். அந்த வேன் வந்திருந்தா பொழைச்சிருப்பா. பாதி வழியில யாரோ போன் பண்ணி அதைத் திருப்பி அனுப்பிட்டாங்க. ஏழு மணிக்குத் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு...” அவர் தோல் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “அந்தப் போனைப் பண்ணது யாரு? அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

“டிரைவர்கிட்டக் கேட்டீங்களா?”

“கேக்கல.”

“ஏன்?”

கண்டக்டர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். “டூட்டி சார். நேரம் இல்ல.”

அவர் படியிறங்கிப் போன பிறகு சாம்பிள் நோட்டை மூடினாள். “ஊர் முழுக்க ரெண்டாயிரம் பேருக்கு டிக்கெட் கிழிக்கிறவருக்கு ஒரு டிரைவர்கிட்ட ஒரு கேள்வி கேக்க நேரம் இல்லையாம். நம்பிட்டீங்களா?”

“இல்ல. வா, ரத்த வங்கிக்குப் போவோம்.”

*

ரத்த வங்கியின் உள் அறையில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. அதன் தட்டுகள் தானாக இடமும் வலமும் நகர்ந்துகொண்டே இருந்தன. டக், டக் என்று நிற்காத சத்தம். தட்டுகளில் வெளிர்மஞ்சள் நிறத்தில் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ரெண்டே ரெண்டு பைகள். மற்ற தட்டுகள் காலியாகவே ஆடிக்கொண்டிருந்தன.

“தொட்டில் நல்லா இருக்கே. தாலாட்டும் உண்டா மேடம்?” என்றாள் சாம்பிள்.

“ஆட்டறதை நிறுத்தினா தூங்காதும்மா, செத்துப்போகும்” என்றாள் டெக்னீஷியன்.

ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். தானமாக வந்த பிளேட்லெட் பைகளைச் சோதித்து, இது நோயாளிக்குப் போகலாம், இது போகக்கூடாது என்று பிரிப்பதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. ரேகை வந்த விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பன்னிரண்டு நாளாக வருவார்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தவள் போல நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

“பை நல்லதா கெட்டதான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?” ரேகை கேட்டார்.

அவள் ஒரு பையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்லச் சாய்த்தாள். உள்ளே புகை போல ஏதோ ஒன்று பளபளத்துச் சுழன்றது. பட்டுத்துணியை வெயிலில் திருப்பிக் காட்டினால் மினுங்குமே, அந்த மாதிரி.

“உயிரோட இருக்கற பிளேட்லெட் தட்டு மாதிரி தட்டையா இருக்கும். வெளிச்சத்துல திருப்பினா மினுங்கும். செத்துட்டா உருண்டையாயிடும். அப்ப வெறும் கலங்கல்தான். இது கண்ணால பாக்கறது. அப்புறம் புளிப்பு அளந்து பாப்போம், கிருமி இருக்கான்னு பாப்போம். எவ்வளவு பண்ணாலும் அஞ்சு நாள்தான் அதுக்கு ஆயுசு.”

“அஞ்சு நாளா? என் கம்பெனியில எனக்குக் குடுத்த நோட்டீஸே அதைவிட அதிகம்” என்றாள் சாம்பிள்.

“அந்த ஞாயித்துக்கிழமைப் பதிவேடு பாக்கலாமா?”

அவள் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். ரேகை விரலை வைத்துக் கீழே இறங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்டும் மெஷின் மோட்டார் நின்றிருக்கிறது, அறையில் ஏசியும் நின்றிருக்கிறது. சனிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் பார்த்திருக்கிறார்கள். அந்தத் தட்டில் நாலு பைகள். முதல் பை: மினுக்கம் இல்லை, ஒதுக்கு. இரண்டாவது: மினுக்கம் இல்லை, ஒதுக்கு. மூன்றாவதும் அப்படியே. நாலாவது: மினுக்கம் உண்டு, பாஸ்.

ரேகை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஏம்மா, நாலு பேர் ஒரே கிணத்துல விழுந்தாங்க. மூணு பேர் சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்தாங்க. ஒருத்தர் மட்டும் சட்டை மடிப்புக் கலையாம காய்ஞ்சே ஏறி வந்தாரா?”

அறையில் மெஷின் மட்டும் டக், டக் என்றது.

“நாலும் செத்த பைதான்” என்றாள் அவள். குரலில் நடுக்கம் இல்லை. அழுது முடித்த குரல். “காலையிலேயே நாலுக்கும் சிவப்பு அட்டை கட்டித் தனியாத் தொங்கவிட்டேன். மத்தியானம் அவர் வந்து நின்னார். தங்கச்சி வாயெல்லாம் ரத்தம்னு சொல்றார். இருக்கறதைக் குடுக்காம ஏன் சாகடிக்கறேன்னு கேக்கறார். தலையைச் சுவத்துல முட்டிக்கிட்டார். இது உதவாதுப்பான்னு நாலு தரம் சொன்னேன். பொய் சொல்றேன்னார்.”

“அதனால குடுத்துட்டீங்க?”

“வேன் கிளம்பிடுச்சுன்னு எனக்குத் தெரியும் சார். நான்தானே பேசி ஏற்பாடு பண்ணேன். அஞ்சு மணிக்கு உயிருள்ள பை வந்துடும். அதுவரைக்கும் இந்த மனுஷனை அமைதியா உக்கார வெக்கணும்னு நெனச்சேன். செத்த பை நல்லது பண்ணாது, கெட்டதும் பண்ணாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அட்டையைக் கழட்டிட்டுக் குடுத்தேன்.” அவள் பதிவேட்டை மூடினாள். “பத்தொம்பது வருஷத்துல ஒரே ஒரு பொய். வேன் வரும்ங்கற தைரியத்துல எழுதினது.”

“அப்ப வேனைத் திருப்பினது நீங்க இல்ல.”

“நானா? திருப்பினவங்களை நானும்தான் சார் பன்னெண்டு நாளாத் தேடறேன். நேத்து மேலதிகாரிக்கு எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். நாளையில இருந்து விசாரணை. எனக்கு வேலை போகும், போகட்டும். ஆனா அந்தப் போன் யாரு பண்ணதுன்னு தெரியாம எனக்குத் தூக்கம் வராது.”

வெளியே வந்ததும் சாம்பிள் வழக்கம்போல ஏதாவது சொல்வாள் என்று ரேகை காத்திருந்தார். அவள் ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டதோடு சரி.

*

பக்கத்து ஊர் ரத்த வங்கியின் ஷெட்டில் வேன் டிரைவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்காரன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு வெள்ளைப் பெட்டி.

“இதுதான் அந்த ஐஸ் பெட்டியா?” என்றாள் சாம்பிள்.

“ஐஸா? வெச்சா அவ்வளவுதான் மேடம். ரத்தம் குளிர் கேக்கும். பிளேட்லெட் கேக்காது. அதுக்கு நம்ம மாதிரி மிதமா இருக்கணும்.” துணியைப் பிழிந்து கம்பியில் போட்டான். “அந்த ஞாயித்துக்கிழமைதானே? நல்லா ஞாபகம் இருக்கு. பாலத்தைத் தாண்டினப்ப போன் வந்துச்சு. ஓரமா நிறுத்திட்டு எடுத்தேன்.”

“எந்த நம்பர்?”

“அந்த நோயாளியோட அண்ணன், கண்டக்டர், அன்னைக்குக் காலையில பேசினாரே, அதே நம்பர்.”

சாம்பிள் பேனாவை நோட்டில் வைத்தபடியே நிமிர்ந்தாள். “அடப்பாவி. நம்ம ஆளேவா?”

“இல்ல மேடம், பேசினது பொம்பளை. ‘வார்டுல இருந்து பேசறேன்’னாங்க. நர்ஸுதான்னு நெனச்சேன். இங்க பை கிடைச்சு ஏறிக்கிட்டு இருக்கு, நீங்க திரும்பிடுங்கன்னாங்க. எனக்கும் சந்தேகம்தான். ரத்த வங்கிக்கு அடிச்சேன், லைன் கிடைக்கல. வார்டுக்கு அடிச்சேன். அங்க ஒரு நர்ஸ் எடுத்து, ஆமா, பை ஏறிக்கிட்டு இருக்குன்னு சொன்னாங்க. திருப்பிட்டேன்.”

“வார்டுக்கு அடிச்சப்ப எடுத்தவங்க குரலும் முதல்ல பேசின குரலும் ஒண்ணா?”

டிரைவர் யோசித்தான். “வேற வேற சார். முதல்ல பேசினவங்க ரொம்ப மெதுவாப் பேசினாங்க. வாய்க்குள்ள எதையோ அடக்கி வெச்சுக்கிட்டுப் பேசற மாதிரி. பாதி வார்த்தை விளங்கல.”

“டூட்டி நேரத்துல பபிள்கம்” என்றாள் சாம்பிள். “நர்ஸம்மா ஊதி உடைச்சுக்கிட்டே வேனைத் திருப்பியிருக்காங்க.”

ரேகை சிரிக்கவில்லை. “வேற என்ன சொன்னாங்க? ஒரு வார்த்தை விடாம யோசிச்சுச் சொல்லு தம்பி.”

“‘ஒரு நிமிஷம் அண்ணா, இந்தக் கையில ஊசி இருக்கு, அந்தக் கைக்கு மாத்திக்கறேன்’னாங்க. யாருக்கோ ஊசி போடப் போறாங்க போலன்னு நெனச்சேன். அப்புறம் அந்தக் குழந்தையைப் பத்திக் கேட்டாங்க.”

“எந்தக் குழந்தை?”

“எங்க ஊர் ஆஸ்பத்திரியில ஒரு பொண்ணு சார், ஆறு வயசு. அதுக்கும் இதே வியாதி, அதே பைக்குத்தான் அதுவும் வரிசையில இருந்துச்சு. இவங்க சீட்டு முன்னாடி வந்ததால பை உங்க ஊருக்குக் கிளம்புச்சு. காலையில கண்டக்டர் போன்ல, ‘சீக்கிரம், சீக்கிரம்’னு கத்தினப்ப நான் இதைச் சொன்னேன். ‘இன்னொரு குழந்தைக்கு இருந்ததைத்தான் உங்களுக்கு எடுத்துட்டு வரேன், கொஞ்சம் பொறுங்க’ன்னு. அவர் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தார். பக்கத்துல யாரோ இருமற சத்தம் கேட்டுச்சு.” அவன் குரல் தாழ்ந்தது. “அந்தம்மா கேட்டாங்க, ‘இப்பத் திரும்பினா அந்தக் குழந்தைக்கு நேரத்துக்குப் போய்ச் சேருமா அண்ணா’ன்னு. சேரும்னேன். ‘அப்ப மெதுவாப் போங்க, பை ரொம்பக் குலுங்கப்போகுது’ன்னுட்டு வெச்சாங்க.”

சாம்பிளின் பேனா நின்றுவிட்டது.

“சார்...” என்றாள்.

“சொல்லு.”

“பபிள்கம் இல்ல சார். பஞ்சு.” அவள் நோட்டை மூடினாள். “ஈறுல ரத்தம் நிக்கலன்னா வாயில பஞ்சை அடைச்சு வெப்பாங்க. நான் எத்தனை வார்டுல பாத்திருக்கேன். அப்புறம் கையில இருந்த ஊசி... அது போடற ஊசி இல்ல. ஏறிக்கிட்டு இருந்த ஊசி.”

ரேகை தலையசைத்தார். “வார்டுல இருந்து பேசறேன்னு அந்தப் பொண்ணு சொன்னதுல பொய்யே இல்ல. அங்க இருந்துதான் பேசியிருக்கா.”

டிரைவர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். புரிந்தபோது வேனின் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. சாம்பிள்தான் போய் மூடினாள்.

*

பஸ் டிப்போவுக்குப் போகிற வழியில் ரேகை ஒரு பொய்யைத் தயார் செய்தார். “டிரைவருக்கு நம்பர் ஞாபகம் இல்ல. கண்டுபிடிக்க முடியல. மன்னிச்சுக்குங்க.” நல்ல, சுருக்கமான பொய்.

“சொல்லிடுவீங்களா சார்?” சாம்பிள் கேட்டாள்.

“சொல்லிடுவேன். உண்மையைச் சொல்லி யாரைக் காப்பாத்தப் போறோம்?”

கண்டக்டர் ஓய்வறையின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்ததும் எழுந்தார். முன்பு நாற்காலியைப் பிடித்த அதே பிடியில் இப்போது பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு சார்?”

“டிரைவருக்கு நம்பர் ஞாபகம் இல்ல” என்று ரேகை ஆரம்பித்தார்.

கண்டக்டர் அவரைப் பார்க்கவில்லை. சாம்பிளின் முகத்தைப் பார்த்தார். காலையில் ஜெயிலைப் பற்றி ஜோக்கடித்த முகம் அது. இப்போது அதில் ஜோக் எதுவும் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு போனை எடுத்துப் பெஞ்சின் மேல் வைத்தார். முதுகில் பூப்போட்ட உறை. பெண்பிள்ளையின் போன்.

“அன்னைக்கு என் போன்ல சார்ஜ் இல்ல. காலையில எல்லாம் இதுலதான் பேசினேன். அவ போய் மூணாம் நாள் திறந்து பாத்தேன். மூணு அம்பத்திரண்டுக்கு டிரைவருக்கு ஒரு கால் போயிருக்கு. நாலு நிமிஷம். நான் அப்ப மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன்.”

ரேகை பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார்.

“எனக்குத் தெரியும் சார். அவ கட்டில்ல அவ போன்ல வேற யாரு பேசுவா? ஆனா... ஒரு நர்ஸ் எடுத்துப் பேசியிருக்கலாம் இல்ல? பக்கத்துக் கட்டில்காரங்க பேசியிருக்கலாம் இல்ல? டிரைவர்கிட்ட நானே கேட்டா அவன் உடனே சொல்லிடுவான். அதான் கேக்கல. உங்ககிட்ட வந்தேன். நீங்க பெரிய மூளைக்காரர், வேற ஒரு ஆளைக் கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்.” அவர் சிரிக்க முயன்றார், முகம் ஒத்துழைக்கவில்லை. “வேற யாராவது சார். யாரா இருந்தாலும் பரவாயில்ல.”

வெளியே ஒரு பஸ்ஸைப் பின்னால் எடுக்க, யாரோ “வா, வா, வா” என்று பாடியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க தங்கச்சிதான்” என்றாள் சாம்பிள். “ஒரு குழந்தைக்காகத் திருப்பினாங்க.”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மெதுவாப் போங்க என்றது வரைக்கும். கண்டக்டர் தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

“நான்தான் அவகிட்டச் சொன்னேன்” என்றார் கடைசியில். “பையைக் கொண்டு போய் அவ கண்ணு முன்னாடி ஆட்டிக் காட்டினேன். ‘பாரு, அண்ணன் வாங்கிட்டேன், இது போதும், இனிமே பயம் இல்ல’ன்னேன். நான் சொன்னா அவ நம்புவா.” பிறகு திடீரென்று நிமிர்ந்தார். “இது ஏன் ஏறல? எனக்கு அது மட்டும் புரியல. பை நல்ல பைதானே?”

ரேகை எழுந்தார். “அதை நான் சொல்லக்கூடாது. சொல்ல வேண்டியவங்க சொல்றேன்னு காத்துக்கிட்டு இருக்காங்க. வாங்க.”

*

டெக்னீஷியன் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆனது. நடுவில் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை, தன் பக்க நியாயம் எதையும் இழுக்கவில்லை. சிவப்பு அட்டையைத் தானே கழற்றியதைச் சொன்னாள். பதிவேட்டில் எழுதிய பொய்யைக் காட்டினாள். மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலையும் மேஜையில் வைத்தாள்.

கண்டக்டர் அதை எடுத்துப் படிக்கவில்லை. காலையில் ‘மத்ததை நான் பாத்துக்கறேன்’ என்று சொன்ன மனிதர் இப்போது தன் ரெண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உதவாதுன்னு நாலு தரம் சொன்னீங்க” என்றார். “நான் கேக்கல.”

“நானும் அஞ்சாவது தரம் சொல்லல” என்றாள் அவள்.

மேஜையில் ஒரு சீட்டு இருந்தது. சாம்பிள்தான் முதலில் கவனித்தாள். வயது ஆறு, பெண், பிளேட்லெட் ஒரு பை, அவசரம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியின் முத்திரை.

“மேடம், இது...”

“அதே குழந்தைதான். அன்னைக்குத் திரும்பிப் போன பை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சு, ரத்தம் நின்னுச்சு. ஆனா ஒரு பை மூணு நாலு நாள்தான் தாங்கும். நடுவுல எப்படியோ சமாளிச்சாங்க, இன்னைக்கு மறுபடியும் ஒன்பதாயிரத்துக்கு வந்துடுச்சு. அங்க ஒண்ணும் இல்ல, இங்க கேட்டிருக்காங்க.”

“இந்த ரெண்டு பை?”

“ஒண்ணு இன்னைக்குக் காலையில மினுக்கம் போயிடுச்சு. இன்னொண்ணு ஆபரேஷன் மேஜையில இருக்கற ஒருத்தருக்கு. இப்ப வந்து எடுத்துட்டுப் போவாங்க.”

கண்டக்டர் எழுந்து சட்டைக் கையை மடித்துவிட்டார். “என்கிட்ட எடுங்க.”

அவள் படிவத்தை எடுத்தாள். வயது, எடை, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். பேனா ஒரு வரியில் நின்றது.

“கடைசி மூணு நாளுக்குள்ள வலி மாத்திரை, ஆஸ்பிரின், ஏதாவது எடுத்தீங்களா?”

கண்டக்டருக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியாது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தே எந்தப் பதில் தன்னை நாற்காலியில் உட்கார வைக்கும், எது வெளியே அனுப்பும் என்று புரிந்துவிட்டது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சோதித்துப் பார்க்க இங்கே எந்த மெஷினும் இல்லை.

“எடுத்தா என்ன ஆகும்மா?”

“பிளேட்லெட் இருக்கும், எண்ணிக்கை சரியா இருக்கும், மினுங்கக்கூடச் செய்யும். ஆனா ஒட்டாது. போய் அடைக்க வேண்டிய இடத்துல அடைக்காது.”

அவர் மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டார். “அவ போனதுல இருந்து தலைவலி. தினமும் ரெண்டு ஆஸ்பிரின். இன்னைக்குக் காலையிலயும் போட்டேன்.”

அவள் படிவத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். “மூணு நாள் மாத்திரை போடாம இருந்துட்டு வாங்க.”

“அந்தக் குழந்தை மூணு நாள் தாங்குமா?”

அவள் அந்தப் படிவத்தை மடித்து ஓரமாக வைத்தாள்.

“என்கிட்ட எடுங்க மேடம்” என்று சாம்பிள் விரலை நீட்டினாள். டெக்னீஷியன் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீலத் தண்ணீரில் விட்டாள். ரத்தம் நன்றாக இருந்தால் சொட்டு அடியில் போய் உட்காரும். சாம்பிளின் சொட்டு நடுவில் தத்தளித்து மேலேயே மிதந்தது.

“சோகை” என்றாள் டெக்னீஷியன். “உங்களுக்கே யாராவது குடுக்கணும்.”

“பதினோரு வருஷம் ஊருக்கெல்லாம் இரும்புச்சத்து மாத்திரை சாம்பிள் குடுத்தேன்” என்றாள் சாம்பிள். ஜோக்காகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரேகை கேட்கவேயில்லை. அவருக்கு அறுபத்தாறு வயது. சுவரில் இருந்த அட்டையில் வயது வரம்பு பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

ஒரு உதவியாளர் வந்து கையெழுத்துப் போட்டு அந்தக் கடைசிப் பையை எடுத்துக்கொண்டு போனார். மெஷின் காலித் தட்டுகளை ஆட்டிக்கொண்டிருந்தது.

கண்டக்டர் மணி பார்த்தார். தோல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். “நாலேகால் வண்டி என்னுது” என்று சொல்லிவிட்டு நடந்தார். ரேகையும் சாம்பிளும் ஏனென்று யோசிக்காமலே பின்னால் போனார்கள்.

வண்டி நிறைந்திருந்தது. அவர் முன்பக்கத்திலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டே பின்னால் வந்தார், சில்லறை கொடுத்தார், ஒரு அம்மாவின் கூடையை சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தார். கடைசி டிக்கெட்டைக் கிழித்ததும் வண்டியின் நடுவில் நின்று, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“ஐயா, அம்மா, எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க.” நிறுத்தங்களைக் கத்திக் கத்திப் பழகிய குரல் அது. பின் சீட்டு வரைக்கும் கேட்டது. “ஆறு வயசுக் குழந்தைக்கு பிளேட்லெட் வேணும். ஒன்றரை மணி நேரம் உக்காந்தா போதும். மூணு நாளுக்குள்ள வலி மாத்திரை எதுவும் போடாதவங்க யாராவது இருக்கீங்களா?”

பேச்சுச் சத்தம் நின்றது. ஒருவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு பெண் பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ கேட்க, அவள் தலையை ஆட்டினாள். பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். பின்சீட்டில் ஒருவன் எழுந்தான். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்திருந்தது.

விசில் ஊதி வண்டியை நிறுத்தினார் கண்டக்டர். ஏழு பேர் இறங்கினார்கள், ஒன்பது பேர் ஏறினார்கள். அவர்களுக்கு டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு, மறுபடியும் நடுவில் வந்து நின்று கம்பியைப் பிடித்தார்.

“ஐயா, அம்மா, ஒரு நிமிஷம்...”